மேஸ்திரி ஊற்றிய சாராயம்

செம்மநத்தம் மாதம்மாளைத் தங்கமான மனுஷி என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அவள் வஞ்சம் வைத்தவள். வைத்ததில் தப்பே இல்லை என்பது என் கட்சி.

1972இல் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில் அடைமழை. குளிரில் கை விறைத்தால் வேலை ஓடாது என்று எஸ்டேட் மேஸ்திரி சென்றாயன் காலையும் மதியமும் பெண்களுக்கு அரை டம்ளர் சாராயம் ஊற்றுவான். குடிக்காதவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. மாதம்மாள் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

"வயித்துப் பிள்ளைக்கும் கதகதப்பா இருக்கும், குடி கண்ணு" என்றான். பழம் பறித்து முடியும்வரை குடித்தாள்.

அவள் மகன் பொன்னுவேல் பூனைக்குட்டி அளவுக்குப் பிறந்தான். சிறுத்த தலை, மெலிந்த மேலுதடு. பத்து வயதிலும் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை. கிரகணத்தில் வெளியே போயிருப்பாள் என்றது ஊர். சென்றாயனோ டீக்கடையில் உட்கார்ந்து, "குடிகாரி பெத்தது வேற எப்படி இருக்கும்?" என்று சிரித்தான். ஊற்றியவனுக்கு எவ்வளவு கொழுப்பு! அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சேலத்துக்கு பஸ் ஏறிய அவள் புருஷன் திரும்பி வரவே இல்லை.

எண்பத்தேழில் டாக்டர் சரஸ்வதி ஆராய்ச்சிக்காக மலைக்கு வந்து, பிள்ளைகளின் தலையை நாடாவால் அளந்தார். கர்ப்பத்தில் குடித்தீர்களா என்று தாய்மாரைக் கேட்டார். மானத்துக்குப் பயந்து அத்தனை பேரும் இல்லை என்று சாதித்தார்கள். மாதம்மாள் மட்டும் உண்மையைச் சொன்னாள். தாய் குடிக்கும் சாராயம் கருவிலேயே பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்று டாக்டர் விளக்கினார். அவள் அழவில்லை.

"ஏனுங்கம்மா, ஊத்துனவன் பேரை எழுத இந்தத் தாள்ல எடம் இருக்குதுங்களா?"

"இல்லைம்மா."

"அப்ப அவன் வாயாலயே சொல்ல வெக்கறனுங்க."

அடுத்த வருடம் மலையிலேயே ஒண்டிக்கடை என்ற ஊரில் டாக்டர் குடிநோய்ச் சிகிச்சை மையம் திறந்தார். மாதம்மாள் அங்கே ஆயாவாகச் சேர்ந்தாள். மேஸ்திரியே அப்போது மொடாக்குடியன்; என்றைக்காவது இங்கேதான் வருவான் என்று மூன்று வருடம் காத்திருந்தாள். ஒருநாள், கைகால் உதற, சென்றாயனை அவன் மகன் கொண்டுவந்து சேர்த்தான்.

இரண்டாம் நாளே கதறினான். "ஒரே ஒரு வாய் குடு கண்ணு, இல்லீன்னா செத்துருவேன்."

"சாகக் கூடாதுங்க மேஸ்திரி. உங்களுக்காக நொம்ப நாளாக் காத்துட்டிருக்கறேன்."

அவன் ஓடிவிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள். கஞ்சியை மட்டும் பொன்னுவேலிடம் கொடுத்தனுப்புவாள். அவன் பாதியைச் சிந்திவிட்டு மீதியை நீட்டிச் சிரிப்பான். போதையில் இருந்தால் சென்றாயன் அந்த முகத்தைக் கண்டுகொள்ளாமல் இருந்திருப்பான். இப்போது அதற்கும் வழியில்லை. மாதம்மாளுக்கு வேண்டியதும் அதுதான்.

இருபதாம் நாள் அவள் காலில் விழுந்தான்.

"இங்க வேண்டாமுங்க. டீக்கடையில சொன்னீங்கல்ல, அதே ஊருக்கு முன்னால சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை செம்மநத்தம் கோயில் முன் ஊர் கூடியது. சென்றாயன் தலை நிமிராமல் பேசினான். "சாராயம் ஊத்துனது நான்தான். வேலை இல்லீன்னு மிரட்டி ஊத்துனேன். குடிகாரின்னு பேர் கட்டுனதும் நான்தான்."

அதே எஸ்டேட்டில் பழம் பறித்த ராசம்மாள், பேச்சு வராத தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கும் ஊத்துனான். டாக்டரம்மாகிட்ட நான் பொய் சொல்லிப்போட்டேன்."

சென்றாயன் கைகூப்பினான். "மன்னிச்சிரு மாதம்மா."

"மாட்டனுங்க" என்றாள் மாதம்மாள். "இன்னும் யார் யாருக்கு ஊத்துனீங்கன்னு சொல்லுங்க."