அரசமரத்துக் காளானுக்கு மஞ்சள் காப்பு

இன்று காலை மல்லேஸ்வரம் கோயில் அரசமரத்தடியில் இருந்தவர்கள்: நான், மாடிவீட்டு கமலா மாமி, அர்ச்சகர், அடிமரத்தில் தட்டு மாதிரி முளைத்திருந்த ஒரு காளான்.

"பாருடி, ஆதிசேஷன் படம் எடுத்த மாதிரியே இருக்கு!" என்று மாமி அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார்.

"மாமி, அது மரத்தை உள்ளேர்ந்து தின்னுண்டிருக்கு. வீடியோல பார்த்தேன்."

"வீடியோவே பார்த்துண்டிருந்தா பக்தி எங்கேர்ந்து வரும்?"

அர்ச்சகரைப் பார்த்தேன். "இர்லிம்மா, இருந்துட்டுப் போகட்டும். அதுவும் தேவரு படைச்சதுதானே" என்றார் தன் கன்னடத் தமிழில்.

மரத்தை விட்டுவிட முடியுமா? மஞ்சள் கிருமிநாசினி ஆயிற்றே என்று, கையிலிருந்த பொடி முழுவதையும் காளான்மேல் அப்பினேன்.

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்குத்தான்டி நிஜ பக்தி!"

நாளை அதற்குப் பாலாபிஷேகமாம். பால் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு.

மஞ்சளுக்குக் காளான் சாகுமா? தெரிந்தவர்கள் இன்றைக்குள் பதில் போடுங்கள்.