ராக்ஸி தைத்த மஞ்சள்

ராக்ஸி டோஸ்டலுக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால், பரிமாறும்போது அவர் தட்டில் உருளைக்கிழங்கு சாலட்டை மலையாகக் குவிப்பாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். கேலன் ப்ரூயிட் எங்கள் குழுவுக்கு வந்த கோடையில் அவன் தட்டு தினமும் நிரம்பி வழிந்தது. அவன் டெக்சாஸ்காரன். கொடுத்ததை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, "ரொம்ப நன்றி மேடம்" என்பான்.

"என்னை மேடம்னு கூப்பிடாதப்பா. நான் என்ன உன் ஹெட்மிஸ்ட்ரஸா?"

"சரிங்க மேடம்" என்பான். அந்தப் பக்கத்து வளர்ப்பு அப்படி. கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் ஹெரால்ட்ஸ் குழுவில் முரசு, ட்ரம்பெட், கொடி மூன்றும் உண்டு. பள்ளிக்கூடம் முடித்த, முடிக்கப்போகிற பிள்ளைகள் நூற்றைம்பது பேர். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து, கால்பந்து மைதானங்களில் மற்றக் குழுக்களோடு போட்டி போடுவார்கள். மேலே கூண்டில் நடுவர்கள். கீழே பத்துப் பதினோரு நிமிட ஆட்டம். அதற்குத்தான் வருஷம் முழுக்க இத்தனை பாடு.

ராக்ஸி அயோவாவை விட்டு வெளியே குடியிருந்ததில்லை. அப்பா தானியக் கிடங்கில் மூட்டை எடை போட்டவர். பதினேழு வயதில் ஹெரால்ட்ஸில் கொடி பிடித்தாள். வயது வரம்பு தாண்டி வெளியேற வேண்டிய வருஷம் எல்லோரும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் போகவில்லை. இங்கே துணி மடித்துக் கொடுப்பது, அங்கே ஒரு அசைவைச் சொல்லித் தருவது என்று ஒட்டிக்கொண்டவள், கடைசியில் கொடி அணியின் டிசைனரே ஆகிவிட்டாள். பகலில் பல் டாக்டர் ஆபீசில் வரவேற்பு மேஜை. கணவன் லியோன் பிளம்பர். கோடை வந்தால் லீவு போட்டுவிட்டு எங்கள் சாமான் லாரியை ஓட்டுவான். எந்த நிறம், எந்தத் தாளத்தில் கொடியை வீசுவது, எங்கே பிடிப்பது, எல்லாம் பதினேழு வருஷமாக ராக்ஸியின் முடிவு.

தொடர்ந்து மூன்று வருஷம் நாங்கள் இறுதிச் சுற்றுக்குள் போகவில்லை. கடைசிச் சனிக்கிழமை ஆடும் பன்னிரண்டு குழுக்களில் எங்கள் பெயர் இல்லை. அக்டோபரில் இயக்குநர் வெஸ் டீட்மன் அவள் வீட்டுக்கு வந்தார். குழுவில் தையல் வேலை பார்க்கும் நான் அன்றைக்கு ஆப்பிள் பை கொடுக்கப் போயிருந்தேன், அதனால் கேட்டேன்.

"இந்த வருஷம் டிசைனுக்கு வெளியிலேருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வரோம் ராக்ஸி."

"எனக்கு உதவிக்கா?"

வெஸ் காபியைக் கலக்கினார். சர்க்கரையே போடவில்லை, கலக்கிக்கொண்டே இருந்தார்.

"உதவிக்கு இல்ல. தையலை நீங்க பாத்துக்கங்க. நீங்க இல்லாத தையல் மேஜையை என்னால நினைச்சே பாக்க முடியல. நீங்க இந்தக் குடும்பம்தானே."

உள்ளறையிலிருந்து லியோன் குரல் கொடுத்தான். "வெஸ், எங்க வீட்லயும் யாரையாச்சும் ஒதுக்கணும்னா குடும்பம்னுதான் ஆரம்பிப்போம்."

அவள் விலகிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். விலகவில்லை. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். "விலகிட்டா அவன் என்ன கிழிக்கறான்னு எப்படிப் பாக்கறது லோயிஸ்?"

வெஸ் கூட்டிவந்த கேலனுக்கு இருபத்தொன்பது வயது. அவன் கொண்டுவந்தது சாம்பல் நிறம். சாம்பல் உடை, சக்கரம் வைத்த சாம்பல் ஏணிகள். ஆரம்பத்து மூன்று நிமிடம் கொடியே கிடையாது. கொடி அணிப் பிள்ளைகள் ஏணியில் ஏறுவார்கள், சாய்வார்கள், மல்லாந்து விழுவார்கள். கீழே மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

தையல் மேஜையில் ராக்ஸி பல்லிடுக்கில் குண்டூசியை வைத்துக்கொண்டு சொன்னாள். "கொடி அணின்னு பேரு. கையில கொடி எங்க? ஏணி ஏற பெயிண்டரைக் கூப்பிட்டாப் போதாதா?"

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு வாங்கிய திருப்தி அவளுக்கு ஒரு வாரம் தாங்கியது.

ஜூனில் முதல் போட்டி. நாங்கள் இருவரும் மேல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஆடிய குழு கொடி வீசியபோது ராக்ஸி கை சிவக்கத் தட்டினாள். பிறகு நம் பிள்ளைகள் வந்தார்கள். இரு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஏணி உச்சியில் ஒரு பெண் கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்தாள். எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஆள் பாப்கார்னை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி அப்படியே உறைந்துவிட்டான். அவள் விழுந்து, தாங்கப்பட்டு, எழுந்த பிறகுதான் மென்றான்.

ராக்ஸி அவனைப் பார்த்தாள். மைதானத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். ஆட்டம் மோசமாக இருந்திருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தோடு நிம்மதியும் வந்திருக்கும். நன்றாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஆளின் பாப்கார்னில் உப்பு அதிகம் என்று ஏதோ பேசிக்கொண்டு வந்தாள்.

ஆனால் ஆட்டத்தின் முடிவு கூடிவரவில்லை. கடைசி இரண்டு நிமிடமும் அதே சாம்பல். இசை நின்ற பிறகும் ஜனங்களுக்குக் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. மார்க்கும் அங்கேயேதான் நின்றது. எங்கள் தொழிலில் ஆகஸ்ட் வரைக்கும் எதுவும் முடிந்துபோவதில்லை. காலையில் ஒரு முடிவைக் கிழித்துப் போட்டுவிட்டு, பார்க்கிங் இடத்தில் புதிதாக ஒன்றைக் கற்று, சாயங்காலம் அதையே ஆடுவார்கள். யார் மூளையில் அந்தப் புது முடிவு உதிக்கிறது என்பதுதான் கேள்வி.

ஜூலையில் மிசூரியில் ஒரு நாள் ஓய்வு. காசு போட்டுத் துவைக்கும் கடையில் நாங்கள் பிள்ளைகளின் சாக்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். வெஸ் வந்து ராக்ஸிக்குப் பக்கத்தில் நின்றார்.

"முடிவுக்கு எதாச்சும் பண்ணித் தரீங்களா? உங்க பாணியில. கொடியோட."

அவள் கையிலிருந்த சாக்ஸுக்கு ஜோடி தேடுவதை நிறுத்தவில்லை. "கேலனுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கறேன்."

அவர் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்று அவளுக்கும் தெரியும். அந்தக் கோடையிலேயே முதல் தடவையாக அன்றைக்கு ராக்ஸி பாட்டு முணுமுணுத்தாள்.

அடுத்த ஊரில் துணிக்கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பட்டு மாதிரி வழுக்கும் ஒரு மஞ்சளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஸ்கூல் பஸ் மஞ்சளா இருக்கே" என்றேன்.

"அதைவிடப் பளிச்சுன்னு இருக்கு."

"அந்தச் சாம்பல் மேல இது கண்ணைக் குத்தும் ராக்ஸி."

"குத்தட்டும்." துணியைத் தோளில் போட்டுப் பார்த்தாள். "வீட்டுக்குப் போறவன் மனசுல ஏணி நிக்கக் கூடாது. அதுக்குத்தான் இது."

ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். அழிப்பதற்கென்றே எடுத்த நிறம் அது. நான் வெட்டினேன், அவள் தைத்தாள். கம்பு நுழைய உறை வைத்து, ஓரம் மடித்து, கொடி கொடியாக அடுக்கினோம். பதினேழு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக அவள் ஓரம் மடித்து நான் பார்த்ததில்லை.

இல்லினாயில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் வெஸ் அதைக் கேலன் முன்னால் விரித்தார். கேலனின் காது மடல் சிவந்தது.

"இதை எப்பக் கேட்டீங்க?" என்றான் வெஸ்ஸிடம்.

"போன வாரம். உன்கிட்ட பேசணும்னுதான் இருந்தேன்."

ராக்ஸி சுவரோரம் கை கட்டிக்கொண்டு நின்றாள். அவன் கத்துவான், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டுப் போவான் என்று காத்திருந்தாள் என நினைக்கிறேன். கேலன் ஒரு கொடியை எடுத்தான். கம்பை உருவிக் கீழே போட்டான். துணியைக் கொண்டுபோய் ஒரு ஏணியின் உச்சியில் தொங்கவிட்டு, ஜிம்மின் அடுத்த கோடிக்கு நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

"இது சாம்பலைக் கொன்னுடுது" என்றான்.

"அப்படியா?" என்றாள் ராக்ஸி. குரலில் சந்தோஷம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

"ஆமா மேடம். கொல்லணும். கடைசில அது சாகணும்னு எனக்குத் தெரியும், எதை வச்சுக் கொல்றதுன்னுதான் தெரியாம முழிச்சிட்டிருந்தேன்." ஓடி வந்தான். "கம்பு வேணாம். துணி மட்டும். ரெண்டை ஒண்ணா இணைச்சு நீளமாக்கித் தர முடியுமா? மேலேருந்து கொட்டணும்."

"கம்பு இல்லேன்னா அது எப்படிக் கொடி?"

"கொடி வேணாம் மேடம்."

அவள் போய்த் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவனும் விடவில்லை. "அப்ப இது என்னோடதா, உன்னோடதா?"

"ஷோவோடது" என்றான். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற பதில்தான். இதைக் கேட்டு மனசு ஆறிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

அன்று மத்தியானம் ஒரு மேப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து, தைத்த உறைகளை எல்லாம் பிரித்தோம். ராக்ஸி நூலை வெடுக்கு வெடுக்கென்று இழுத்தாள்.

ஆகஸ்டில் அரையிறுதி. கடைசி நிமிடத்தில் ஏணிகள் எல்லாம் நடுவில் கூடின. உச்சியிலிருந்து மஞ்சள் கொட்டியது. பிள்ளைகள் நுனியைப் பிடித்து ஓடினார்கள். ஓட ஓட மைதானத்தில் சாம்பல் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போயிற்று. அரங்கம் எழுந்து நின்றது. ராக்ஸியும் எழுந்தாள், எழாவிட்டால் முன்னால் நிற்பவர்கள் மறைப்பார்கள். நாங்கள் பதினோராவதாக இறுதிச் சுற்றுக்குள் போனோம்.

நடுவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவை வெஸ் லாரிக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். ஒரு நடுவர் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார், "கேலன், இந்த மஞ்சளை இத்தனை நாள் எங்கப்பா ஒளிச்சு வச்சிருந்தே?"

எல்லோரும் கேலனைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். "எனக்கில்ல. தையல் மேஜைக்குத் தட்டுங்க."

தட்டினார்கள். மேஜையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பட்டன் மட்டும் தைத்தவளும் தலை குனிந்து வணங்கினாள்.

பிறகு லாரிப் படியில் உட்கார்ந்து ராக்ஸி லியோனிடம் சொன்னாள். "கைதட்டலை அவனே வாங்கிட்டிருந்தா திட்டித் தீத்திருப்பேன். என் பேரைச் சொல்லியிருந்தாலாவது சந்தோஷப்பட்டிருக்கலாம். மேஜைக்குத் தட்டச் சொல்றான்."

"மேஜையும் நல்லாத்தானே உழைச்சுது" என்றான் லியோன். அன்றைக்கு அவனுக்கு அவள் கையால் சாண்ட்விச் கிடைக்கவில்லை.

நவம்பரில் கேலன் போய்விட்டான். கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய குழு அவனை எடுத்துக்கொண்டது. அவர்கள் வெளியிட்ட அறிவிப்பில் அவன் படம் இல்லை, மஞ்சள் கொட்டுகிற படம்தான் இருந்தது. கடைவாய்ப் பல்லுக்காக நான் டாக்டர் ஆபீசில் காத்திருந்த அன்று வெஸ் ராக்ஸிக்குப் போன் செய்தார். முன்மேஜையிலிருந்து அவர் குரல் எனக்கே கேட்டது.

"இந்த வருஷம் நீங்களே பாருங்க ராக்ஸி. நிறம், கொடி, எல்லாமே. பழையபடி."

ஒரு வருஷமாக இதைத் தவிர அவள் வேறெதையும் விரும்பவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி அப்பாயின்ட்மென்ட் அட்டைகளை நேராக அடுக்கினாள்.

"அங்க அவனுக்கு யாரு தைக்கறா?" என்றாள்.

"எனக்கெப்படித் தெரியும்? பெரிய குழு, நிறையப் பேர் இருப்பாங்க."

"நல்லாத் தைப்பாங்களா?"

"ராக்ஸி, நீங்க பண்றீங்களா இல்லையா?"

"பண்றேன், பண்றேன். நான் பண்ணாம யார் பண்ணுவா?" என்று வைத்துவிட்டாள்.

பிறகு தன் செல்போனில் அந்தப் படத்தை எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி என்னிடம் நீட்டினாள். "பாரு, இந்த ஓரம் நான் மடிச்சது. அங்கயும் இதே மஞ்சளைப் போடுவான், எழுதி வச்சுக்கோ. ஆனா துணி எங்க வாங்கினதுன்னு என்கிட்டதானே கேக்கணும்?"

"கேட்டா சொல்லுவியா?"

யோசித்தாள். "தப்பான கடையைச் சொல்லுவேன்."

ஜனவரி முகாமில் அவள் தன் டிசைனை மேஜையில் பரப்பினாள். முதல் நிமிடத்திலிருந்தே எல்லார் கையிலும் கொடி. நீலம், பச்சை, இரண்டு விதச் சிவப்பு. வெஸ் நன்றாக இருக்கிறது என்றார். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. இரண்டு தடவையும் பாதிப் பேச்சில் எடுத்துப் பார்த்தாள். ஒன்று லியோன், ஒன்று பல் டாக்டர். கேலன் இன்னும் கேட்கவில்லை.