மூன்று தட்டு, ஓர் இடைவெளி

இது நடந்தது. எனக்கு நடந்தது. கட்டுக்கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் தாராளமாகப் படித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நான் மின்கம்பம் ஏறிப் பிழைக்கிறவன். பயப்படுவதற்கு மின்சாரம் ஒன்றே எனக்குப் போதும். பேய்க்கெல்லாம் தனியாக மனசில் இடம் ஒதுக்கி வைத்ததில்லை. அந்தக் குளிர்கால மதியம் வரைக்கும்.

எங்கள் மின்வாரியப் பிரிவின் எல்லையில் ஒரு மேட்டுவெளி இருக்கிறது. அங்கே ஊர் இல்லை, மரம் இல்லை, ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை பழுத்த புல்லும் முழங்கால் உயரப் புதரும்தான். நடுநடுவே கறுப்புத் தண்ணீர் தேங்கிய குட்டைகள். தூரத்தில் இருந்து பார்த்தால் சாதுவான புல்தரை. காலை வைத்தால்தான் அதன் குணம் தெரியும். மேலே பாய் விரித்த மாதிரி பாசி, கீழே ஆளை முழுங்குகிற ஆழத்துக்கு மக்கிப்போன சேறு. பழுப்பாக இருக்கும் இடத்தில் நடக்கலாம். பளிச்சென்று பச்சையாக இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. அந்த வெளிக்கு அப்பால் பள்ளத்தாக்கில் கொஞ்சம் வீடுகள் உண்டு. அவற்றுக்கு ஒரே ஒரு மின்பாதை, இந்தச் சேற்றின் குறுக்கே போகிறது. பெருங்காற்று அடித்தால் கம்பி அறுந்துவிடும். அறுந்தால் நாங்கள் போக வேண்டும்.

நாங்கள் என்றால் நானும் என் சகலையும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். வாய் ஓயாது. அதனால் எங்கள் குழுவில் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பேர். கம்பத்தின் உச்சியில் இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டே, முந்தின நாள் மாமியார் அவனைப் பார்த்து எப்படி மூஞ்சியைத் திருப்பினார் என்று கீழே நிற்கிற எனக்கு ஒன்று விடாமல் சொல்வான். அவர் எனக்கும் மாமியார் என்பதால் சிரித்துக்கொள்வேன்.

கம்பி அறுந்த அன்று காலை அவனை அழைத்துப்போக அவன் வீட்டுக்குப் போனபோது மச்சினி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

“மாமா, இவரக் கொஞ்சம் பாத்துக்கோங்க. இவருக்குக் கண்ணு எப்பவும் மேலதான். கால் எங்க போகுதுன்னே பாக்க மாட்டாரு.”

“நான் இருக்கேன்ல. நீ உள்ள போ, பிள்ளைக்குக் குளிருது” என்றேன்.

மேட்டுவெளியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. அதைச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது. அங்கே மூடுபனி சொல்லிவிட்டு வராது, வந்தால் நீட்டிய கை தெரியாது. அப்போது ஒருவன் கம்பத்தடியை விட்டு நகரக் கூடாது. ஸ்பேனரால் இரும்புக் கம்பத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. தள்ளிப் போனவன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவான். பனியில் குரல் சிதறிப்போகும், எந்தப் பக்கம் இருந்து கூப்பிடுகிறான் என்று சத்தியமாகத் தெரியாது. இரும்பின் சத்தம் அப்படி இல்லை. “குரல நம்பாத, இரும்ப நம்பு.” எங்கள் போர்மேன் புது ஆளிடம் முதல் நாளே சொல்வது இதுதான்.

வேலை மதியம் இரண்டு மணிக்கு முடிந்தது. கம்பியை இழுத்துக் கட்டியாகிவிட்டது. வெயில்கூட லேசாக இருந்தது. நான் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“சகலை, கம்பி கொஞ்சம் தொங்குற மாதிரி இருக்கே. இருங்க, தள்ளி நின்னு பாக்குறேன்” என்றான்.

கம்பியின் தொய்வை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். அண்ணாந்தபடியே பின்னால் பின்னால் நடப்போம். ஊருக்குள் என்றால் சைக்கிள்காரன் மேல் இடித்துத் திட்டு வாங்குவோம், அவ்வளவுதான். இங்கே அவனுக்குப் பின்னால் பச்சை இருந்தது. நான் கத்துவதற்குள் கால் வைத்துவிட்டான்.

‘சளக்.’

தொடை வரை போனான். முதலில் சிரித்தான். “வீட்ல சொல்லிடாதீங்க சகலை!” என்றான். காலை உருவப் பார்த்தான், இடுப்பு வரை போனான். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பி அவன் பக்கத்தில்தான் சரிவாக இறங்கி மண்ணுக்குள் போகிறது. அதை எட்டிப் பிடித்துக்கொண்டான். நான் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்து இழுத்தேன். என் மார்புக்குக் கீழே தரை தொட்டில் மாதிரி ஆடியது. அவன் ஓர் அங்குலம்கூட மேலே வரவில்லை. நெஞ்சு வரை இறங்கியிருந்தான்.

கயிறு ஜீப்பில் இருந்தது. கம்பியை இறுக்கும் இழுவைக் கருவியும் வயர்லெஸ்ஸும் அங்கேதான். ஜீப்போ பாதையில் நிற்கிறது, குட்டைகளைச் சுற்றிச் சுற்றி அரை மணி நடக்க வேண்டும். அவனைத் தனியே விட்டுப் போவதைத் தவிர வேறு வழியே இல்லை. என் ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தேன்.

“ஒரு கையால கம்பியப் புடிச்சுக்கோ. விடவே விடாத. இன்னொரு கையால அதுலயே தட்டிக்கிட்டே இரு. வந்துடுறேன்.”

“சீக்... கிரம்... சக... லை...”

சேறு அவன் நெஞ்சை இறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினான். எங்கள் ரேடியோ இப்படித் திணறி நான் கேட்டதில்லை. ஓடினேன்.

ஜீப்பை அடைந்தபோது பனி இறங்க ஆரம்பித்திருந்தது. வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறையைப் பிடித்தேன்.

“ஆளு வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் தாங்குவாரா?” என்றார் ஆபரேட்டர்.

“தாங்க மாட்டான்” என்றேன்.

கயிறு, இழுவைக் கருவி, டார்ச். எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது மணி மூன்று பத்து. பத்து நிமிஷத்தில் வெளி காணாமல் போனது. மேலே கம்பி தெரியவில்லை. கீழே என் பூட்ஸ் தெரியவில்லை. வெள்ளையாகக்கூட இல்லை, அழுக்குச் சாம்பல் நிறம். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. வழி தவறினால் அவன் செத்தான். ஒருவேளை நானும். அது மட்டும்தான் மனசில் இருந்தது.

அப்போது கேட்டது.

டங். டங். டங்.

உயிர் வந்தது எனக்கு. தட்டுகிறான், இருக்கிறான்! வலது பக்கம் திரும்பி நடந்தேன்.

டங். டங். டங்.

கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கத்தில், எங்கோ தள்ளி, இன்னொரு சத்தம். மெலிதாக. ஆளா, பறவையா தெரியவில்லை.

“...லை...”

நின்றேன். காதைத் தீட்டினேன். மறுபடி இரும்புதான் கேட்டது, வலது பக்கத்தில். குரலை நம்பாதே. எத்தனை பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! வலது பக்கமே நடந்தேன்.

சின்னச் சின்னதாக ஏதோ சரியில்லை. கம்பம் மேட்டில் இருக்கிறது, தரை ஏற வேண்டும். இங்கே இறங்கியது. தட்டும் சத்தத்தில் சோர்வே இல்லை. குளிரில் விறைத்த கை கொஞ்சமாவது தடுமாறாதா? மூன்று தட்டு, ஓர் இடைவெளி. கடிகாரம் மாதிரி.

“சகலை!” என்று கத்தினேன். “இருக்கியாடா?”

தட்டல் நின்றது.

“இங்கதான் இருக்கேன் சகலை. வாங்க.”

அவன் குரல். அவனேதான். பத்தடிக்குள் கேட்டது.

“கயிறு கொண்டு வந்துட்டீங்களா? நேரா வாங்க. மெதுவாவே வாங்க, ஒண்ணும் அவசரமில்ல.”

ஒரு கால் முன்னால் வைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது.

இந்தக் குரல்... மூச்சு வாங்கவில்லை.

நெஞ்சு வரை சேற்றில் இருப்பவன் இவ்வளவு நீளமாகப் பேச முடியாது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி பேசினான்...

டார்ச்சைக் கீழே அடித்தேன்.

பச்சை.

முன்னால் வைத்த என் கால் கணுக்கால் வரை அதற்குள் இருந்தது.

பின்பக்கமாக அப்படியே விழுந்தேன். பூட்ஸ் போனது. கால் வந்தது.

“வாங்க சகலை” என்றது. அதே குரல். அதே நிதானம். “நேரா வாங்க.”

இடது பக்கம் ஓடினேன். ஓடினேன் என்பதா, தவழ்ந்தேன் என்பதா... அந்த மெல்லிய சத்தம் இப்போது கேட்கவே இல்லை. “கத்துடா! ஒரு தடவை கத்துடா!” என்று அலறினேன். பதில் இல்லை. அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். மச்சினியிடம் என்ன சொல்வேன்? அந்தக் குழந்தையின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஏதோ நெற்றியில் பட்டென்று இடித்தது.

ஸ்டே கம்பி.

கீழே டார்ச்சை அடித்தேன். தாடை வரை சேற்றில் இருந்தான். இரண்டு விரல் மட்டும் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு கை தெரியவில்லை. கண் திறந்திருந்தது.

“வந்துட்டேன்டா!”

என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஆளைக் கண்டு வந்த நிம்மதி அதில் துளியும் இல்லை. பயம். என்னைப் பார்த்துப் பயம்.

“போ... போயி... டு...”

“டேய், நான்தான்டா!”

சுருக்குப் போட்ட கயிற்றை அவன் தோளுக்கு அடியில் நுழைக்கப் போனேன். தலையைத் திருப்பி என் கையைக் கடித்தான். ரத்தம் வரக் கடித்தான். குளிரில் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கடித்தால் கடிக்கட்டும் என்று கயிற்றைப் போட்டு இறுக்கினேன். இழுவைக் கருவியைக் கம்பத்தில் மாட்டி நெம்பினேன்.

கடக். கடக்.

ஒரு நெம்புக்கு ஒரு விரல்கடை. அவ்வளவுதான் வந்தான்.

கடக்.

அப்போது...

டங். டங். டங்.

சகலை என் கண்ணெதிரே இருக்கிறான். தட்டுவது யார்?

அடுத்த கம்பத்தில் இருந்து வந்தது.

கடக். கடக்.

டங். டங். டங்.

பக்கத்தில்.

நான் திரும்பவில்லை. நெம்பினேன். தோள் வெளியே வந்தது.

டங்.

நான் மாட்டியிருந்த கம்பமே அதிர்ந்தது. என் உள்ளங்கையில் உணர்ந்தேன்.

திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நெம்பினேன்.

டங்.

மூன்றாவது தட்டுக்காகக் காத்திருந்தேன்...

வரவில்லை.

ஆட்கள் விளக்கோடு வந்தபோது அவனை என் மேல் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேனாம். அவர்களுக்கு எந்தத் தட்டல் சத்தமும் கேட்கவில்லை.

அவன் பிழைத்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பொது வார்டுக்கு மாற்றினார்கள். நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் சும்மா கேட்டுவைத்தேன்.

“ஸ்பேனர் சேத்துல போயிடுச்சாடா?”

“நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க.”

எனக்குப் புரியவில்லை.

“போன அரை மணியிலயே திரும்பி வந்தீங்க” என்றான். “கையில கயிறு இல்ல. பக்கத்துல குந்துனீங்க. குடு, நான் தட்டுறேன்னு ஸ்பேனர வாங்கிக்கிட்டீங்க. அப்புறம்... கம்பிய விட்டுரு, நான் புடிச்சுக்கிறேன்னு சொன்னீங்க.”

போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான்.

“விட்டேன் சகலை. நீங்க புடிக்கல. மறுபடி எட்டுனா ரெண்டு விரல்தான் கம்பியில பட்டுச்சு. நான் இறங்குறதப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. அப்புறம் தட்டிக்கிட்டே எழுந்து போயிட்டீங்க.”

அந்த நேரத்தில் நான் ஜீப்பில் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் சாட்சி. அதை அவனிடம் சொன்னேன். ஆபரேட்டரையே கூட்டி வந்து சொல்லவைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டான். வீடு திரும்பிய பிறகு வேலையை மாற்றிக்கொண்டான், இப்போது கிடங்கில் இருக்கிறான். என்னைப் பார்த்தால் மரியாதையாக எழுந்து நிற்கிறான். பக்கத்தில் வருவதில்லை.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் உள்ளறையில் இருந்தான், வெளியே வரவில்லை. குழந்தை தவழ்ந்து வந்து என் மடியில் ஏறிக்கொண்டது. மச்சினி டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை கேக்குறேன். அது... நீங்க இல்லல்ல?”

“என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லம்மா.”

“தெரியும் மாமா” என்றாள். “எனக்குத் தெரியாதா?”

குனிந்து, என் மடியில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.