பங்களா முகட்டுக் கும்பம்

இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கந்தப்பன் தச்சு வேலை பார்த்தான். தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில் நாற்காலி முதுகுகளிலும் கட்டில் கால்களிலும் இருந்த குமிழ்களெல்லாம் அவன் கடைந்தவை.

1957 ஆடிக் காற்றில், பங்களா முகட்டு நுனியில் நின்ற மரக் கும்பம் முறிந்து விழுந்தது. கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் வருவதற்குள் புதிது நிற்க வேண்டும் என்றார் துரை. கந்தப்பன் பலா மரத்தில் ஒன்று கடைந்தான். கீழே பானைபோல் பருத்து, மேலே மொட்டாகக் கூம்பியிருந்தது.

அதை ஏற்ற வேண்டிய காலையில் அவன் மனைவி வேலாயிக்கு வலி கண்டது. பல வருசம் காத்திருந்து உண்டான பிள்ளை.

“நீங்க போங்க. அம்மாக்கண்ணு அக்கா கூட இருக்காங்கல்ல,” என்றாள்.

அவன் கூரைமேல் இருந்தபோது, லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் இருந்த அம்மாக்கண்ணு தேயிலைக்குள் விழுந்தடித்து ஓடிவந்தாள்.

“அண்ணே! ரத்தம் நிக்கல. லொறியக் கேளுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்!”

கீழே நின்று வேலையை மேற்பார்த்த கணக்கப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். “மழை இருட்டிக்கிட்டு வருது. நீ மாட்டிட்டு எறங்கு. லொறிக்கு நான் சொல்லி அனுப்புறேன்.”

கந்தப்பன் நம்பினான். ஆணிகளை அடித்து முடித்தான். இறங்கி ஓடிப் போனால் லயத்தில் லொறி இல்லை. விருந்தாளிகளுக்கு ஏற்பாடு செய்யும் அவசரத்தில் கணக்கப்பிள்ளை மறந்துவிட்டிருந்தார். வேலாயியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் அவள் உயிர் போய்விட்டது. பிள்ளையும் அவள் வயிற்றுக்குள்ளேயே போனது.

துரை வருத்தப்பட்டார். சில நாள் லீவு கொடுத்தார். கும்பம் நன்றாக அமைந்திருப்பதாகவும் சொல்லி அனுப்பினார்.

எந்த மலையில் நின்றாலும் அது கந்தப்பன் கண்ணில் பட்டது.

“அத எறக்கிடச் சொல்லுங்கய்யா,” என்று கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சினான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி சாத்தி ஏறி, கும்பத்தை வாளால் அறுத்துத் தள்ளினான்.

மறுநாளே வேலையும் காம்பராவும் போயின. வேறொரு தச்சன் புதிதாக ஒன்று செய்து ஏற்றினான். துரை பங்களாவில் கைவைத்தவனை எந்தத் தோட்டமும் சேர்க்கவில்லை. கந்தப்பன் ராகலைச் சந்தையில் கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டை தூக்கினான். உளியை அதன்பின் தொடவில்லை.

சில வருசம் கழித்து அம்மாக்கண்ணு அவனை அங்கே கண்டாள். ஆள் பாதியாகியிருந்தான்.

“வேலாயியப் பொதைச்ச எடத்துல தேயில வச்சுட்டாங்களாமே, மெய்யா தங்கச்சி?”

“ஆமாண்ணே. போன மழைக்கே வச்சுட்டாங்க.”

“அடையாளத்துக்கு ஒண்ணும் இல்லையா?”

அம்மாக்கண்ணு இல்லையென்று தலையை ஆட்டினாள். அவன் குனிந்து மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, கூட்டத்துக்குள் போனான்.