தடைக்காலத்தில் போனை யார் எடுப்பது?

இன்று பெண்கள் உதவி மையத்தில் ஆலோசனைக் கூட்டம். வீட்டில் அடிபட்ட பெண்களையும் அழைத்திருந்தார்கள்.

இளம் அதிகாரி திட்டத்தை விளக்கினார். "புகார் சொன்னவங்களைக் காலைல பதினொரு மணிக்குக் கூப்பிடுவோம். புருஷன் கடலுக்குப் போயிருப்பாரு."

நான் கேட்டேன். "மீன்பிடித் தடைக்காலத்துல போட்டெல்லாம் கரையிலதான கெடக்கும். அவன் வீட்டுலல்லா இருப்பான்?"

"கெஸ்ட்டா வந்துட்டு இவ்வளவு விவரமாச் சொல்லுதீங்களேம்மா" என்றார் அதிகாரி, என்னைச் சிறப்பு விருந்தினர் என்று நினைத்து.

"நான் கெஸ்ட்டு இல்ல, பிள்ள. எங்க வீட்டுல போன் அடிச்சா, வீட்டுக்காரரு சாகுத வரைக்கும் அவருதான் எடுத்தாரு."

அதிகாரி தாளில் எழுதியிருந்த நேரத்தை அடித்தார். பிறகு, எப்போது கூப்பிடலாம் என்று அந்தந்தப் பெண்ணிடமே கேட்பதாகத் திட்டத்தை மாற்றினார்கள்.

உங்களுக்கும் யோசனைகள் இருக்கும். கமெண்டில் எழுதாதீர்கள், உங்கள் போனையும் யாராவது பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் நம் ஊர்க் கோயில் வாசலில் என்னிடம் சொல்லுங்கள்.