வீட்டில் எடுத்த லீவு

எங்கள் கந்தோரில் லீவைப் பற்றிய கூட்டம் ஒரு கேக்குடன் தொடங்கியது. கடற்கரை மாதிரிச் செய்த கேக். நீல ஐசிங்கில் அலை, பொடித்த பிஸ்கட்டில் மணல், நடுவில் பிளாஸ்டிக் தென்னை. தின்ற எல்லாருடைய நாக்கும் பல்லும் நீலமாகிப் போயின. அந்த நீல வாய்களோடு நாங்கள் கைதட்டினோம்.

கொச்சிக்கடையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் எங்களுடையது. ஆவணப் பிரிவு என் பொறுப்பு. கொள்கலன் ஒன்று வெளியே வர வேண்டுமென்றால் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டும். அதனால் எனக்கு லீவு என்று ஒன்று இருந்ததே இல்லை. நாத்தனாரின் கலியாணத்தில், மண்டபத்துக் கைகழுவுமிடத்தில் நின்று போனில் கொள்கலன் இலக்கம் வாசித்திருக்கிறேன். பித்தப்பை எடுத்த அடுத்த நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சுங்க ஏஜண்டோடு கதைத்திருக்கிறேன். கடைசியில் தாதிதான் போனைப் பிடுங்கிக் கட்டிலோரத்து மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிறகு இதெல்லாம் மாறும் என்றார்கள். அவரைச் சின்ன சேர் என்போம். என்னை அவர் அன்ட்டி என்பார். கேக்கை வெட்டிய கையோடு நெஞ்சைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "நாங்க எல்லாரும் ஒரு ஃபெமிலி. இந்த வருஷம் ஒவ்வொருத்தரும் ஒரு கிழமை, ஏழு நாளும், உண்மையான லீவு எடுக்கணும். போன் ஓஃப். லெப்டொப் ஓஃப். ரெஸ்ட் எடுத்தாத்தான் மனுஷன் மனுஷனா இருப்பான்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நான் நம்பினேன். முதல் ஆளாக லீவு கேட்டதும் நான்தான்.

"சுப்பர் அன்ட்டி! எங்க போறீங்க? பாலி? நுவரெலியா?"

"ஒரு இடமும் இல்லை சேர். வெள்ளவத்தையில வீட்டிலதான் இருக்கப் போறன்."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. "எங்கேயாவது போனா நல்லம். எங்கட பேஸ்புக் பேஜில போட ஒரு ஃபோட்டோ வேணும்."

ஃபோட்டோ தர மாட்டேன் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு வந்தேன்.

வங்கியில் வேலை செய்யும் என் கணவரும் அந்தக் கிழமை லீவு போட்டார். எனக்கு எந்த ஊரும் வேண்டியிருக்கவில்லை. வேலை நாளில் தலைமுழுகி, ஈரத் தலையோடு ஃபேனுக்குக் கீழே படுத்து நித்திரைகொள்ள வேண்டும், அவ்வளவுதான். போனை ஓஃப் செய்துவிட்டு முதல் இரண்டு நாளும் அப்படியே செய்தேன். பின்னேரம் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக் கற்களில் இருவரும் கடலை கொறித்தபடி உட்கார்ந்திருந்தோம். கந்தோர் ஆட்களை அடைத்துக்கொண்டு தெஹிவளைப் பக்கம் போகும் ரயிலைப் பார்த்தேன். வாசலில் தொங்கியவர்களில் ஒருத்தியாக நான் இல்லை என்பதே பெரிய சந்தோசமாக இருந்தது. தோளிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. அது அவ்வளவு காலமும் அங்கே இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் மதியம் கதவு மணி அடித்தது. கந்தோர் டிரைவர் நின்றார். ஒரு கையில் லெப்டொப் பை, மற்றக் கையில் பத்திரக் கட்டு. விரல் நுனியெல்லாம் பசையும் ஒட்டிக்காய்ந்த கலர்க் கடதாசியும்.

"கோவிக்காதீங்க அக்கா. உங்கட போன் வேலை செய்யல்லன்னு சின்ன சேர் அனுப்பினாரு."

"தம்பி, நீங்களும் இந்தக் கிழமை லீவுதானே?"

"ஓம் அக்கா. நாளைக்கு மகளுக்குச் சேர்ச்சில முதல் நன்மை. வீட்டில சோடனை செஞ்சிக்கிட்டு இருந்தேன். ஓடிப்போயிட்டு ஓடி வான்னு சேர் சொன்னாரு. மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்கு வந்தது கோபமில்லை, அருவருப்பு. கறிக்குள் தலைமயிர் கிடக்கக் கண்டது போல. என் லீவைக் கெடுக்க இன்னொருவரின் லீவையும் அல்லவா சின்ன சேர் கெடுத்திருக்கிறார்.

டிரைவருடைய போன் அடித்தது. சின்ன சேர்தான். வாங்கிக் காதில் வைத்தேன்.

"சொறி அன்ட்டி, ஒரு சின்ன வேலை. கொன்டெய்னர் ஒண்டு உங்கட ஸைனுக்கு நிக்குது, கஸ்டமர் கத்துறான். நீங்க வீட்டில சும்மாதானே இருக்கீங்க."

"சும்மா இருக்கத்தானே சேர் லீவு எடுத்தனான்."

"ட்ரிப் ஒண்டு போயிருந்தா நான் டிஸ்டர்ப் பண்ணியிருக்கவே மாட்டேன்."

"எங்கட பிரிவில பக்கத்து மேசைப் பிள்ளைக்கு இந்த வேலை முழுக்கத் தெரியும். அவவுக்குக் கையெழுத்து அதிகாரம் குடுங்கோ. உங்கட அப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அவ புதுசு அன்ட்டி."

"வேலைக்கு வந்த பிறகு கலியாணம் முடிச்சு ஒரு பிள்ளையும் பெத்திட்டா. இன்னும் புதுசோ?"

"அப்ப டிரைவரைச் சும்மா திருப்பி அனுப்பப் போறீங்களா?"

"அவரை வீட்டுக்கு அனுப்புறன். அவரும் லீவில."

"நாங்க ஒரு ஃபெமிலி அன்ட்டி..." என்று தொடங்கினார். அந்தச் சொல் ஈரக் கையால் முகத்தைத் தடவியது போல இருந்தது. வைத்துவிட்டேன். போனை டிரைவரிடம் நீட்டினேன்.

"கையெழுத்துத்தானே, போட்டுக் குடுத்திருக்கலாம்," என்றார் கணவர். அவர் மீதும் வெறுப்பு வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய், காலையில் வாங்கிய வடைகளைப் பையில் போட்டு டிரைவரிடம் கொடுத்தார். "நேரா வீட்டை போங்கோ தம்பி. மற்றதை இவ பார்ப்பா."

மிச்ச நாட்களில் நித்திரை வரவில்லை. போனைப் போடவில்லைதான். ஆனால் கண்ணை மூடினால் துறைமுகமும் கொள்கலனும்தான். கடற்கரைக்குப் போனபோதும், திங்கட்கிழமை என்ன கதைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துக் கிடைக்காவிட்டாலும் லீவின் மிச்சத்தைச் சின்ன சேர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

கந்தோருக்குத் திரும்பிப் போனால், அந்தக் கொள்கலன் டிரைவர் வந்த அடுத்த நாளே வெளியே வந்துவிட்டிருந்தது. கஸ்டமரின் சத்தம் பெரிய முதலாளியின் காது வரை போக, அவர் பக்கத்து மேசைப் பிள்ளைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார். அவள் பிழையில்லாமல் செய்துமிருக்கிறாள். கந்தோர் இடிந்து விழவில்லை.

ஆனால் கந்தோரின் பேஸ்புக் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. மணலில் நீட்டிய இரண்டு கால்கள், பின்னால் நீலக் கடல். எங்கள் குடும்பத்தில் ஒருவர் உண்மையான ஓய்வில் என்று ஆங்கிலத்தில் எழுதி என் பெயரைப் போட்டிருந்தார்கள். யாருடைய கால்களோ தெரியாது. நகங்களில் சிவப்புப் பூச்சு. கீழே என் சக ஊழியர்களே இதயங்களைப் போட்டிருந்தார்கள்.

நேராகப் பெரிய முதலாளியின் அறைக்குப் போனேன். மகனும் அங்கே இருந்தார். "அந்தக் கால்கள் என்ரை இல்லை, எடுத்துப்போடுங்கோ. டிரைவர் வேலை செய்த நாளை லீவெண்டு பதிஞ்சிருக்கிறீங்கள். அந்த நாளை அவருக்குத் திருப்பிக் குடுங்கோ," என்றேன். சின்ன சேர் ஜன்னலைப் பார்த்தார். பெரியவர் மகனைப் பார்த்தார். அன்று பின்னேரமே இரண்டும் நடந்தன. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒருவர் லீவில் போனால் மற்றவர் அவருடைய வேலையை முழுதாகப் பொறுப்பெடுப்பது என்று எங்களுக்குள் முடிவு செய்தோம். பக்கத்து மேசைப் பிள்ளை லீவு எடுக்கப் பயந்தாள். "போம்மா, நான் இருக்கிறன். போன் அடிச்சாலும் எடுக்காதேயும்," என்று நான்தான் தள்ளி அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து வந்தவளின் முகம் தெளிந்திருந்தது.

போன மாதம் சின்ன சேர் மனைவி பிள்ளைகளோடு மாலைதீவுக்குப் போனார். நாங்கள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைப் பிள்ளையின் போனில், வீடியோவில் வந்தார். கறுப்புக் கண்ணாடி, பின்னால் கடல். சற்றுத் தள்ளி மனைவி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் ஓகேயா?" என்றார்.

"ஓம் சேர், எல்லாம் ஓகே," என்றாள் பக்கத்து மேசைப் பிள்ளை.

"பிரச்சினை ஒண்டும் இல்லையா? என்னட்டக் கேக்க ஒண்டுமே இல்லையா?"

"இல்லை சேர்."

அவர் போனை வைக்கவில்லை. எங்களுடைய சோற்றுப் பார்சல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. பிறகு, "மேசையில இருக்கிற அந்த ஃபைலை ஒருக்கா எடுத்துக் காட்டுங்க," என்று தொடங்கினார். நான் கையை நீட்டி, குழம்பு படாத விரலால் சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டுச் சாப்பிடத் தொடங்கினேன்.