அந்தாண்ட இருநூறு மீட்டர்

பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு அரசுகள் சந்திக்கும் இடத்தில் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது என் ஆராய்ச்சி. அதற்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து பாகூருக்கு பஸ் ஏறினால் பாதி வழியில் தமிழ்நாடு வந்து போகும். இளைய ஆராய்ச்சியாளர்களுக்கு நான் சாதித்ததைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கெடுத்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

1. களப்பணி

பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கலியபெருமாள் என்று இங்கே நான் பெயர் மாற்றிச் சொல்லும் விவசாயிக்கு மாநில எல்லைக்கல்லை ஒட்டி இரண்டு காணி நெல் இருந்தது. அந்த வயலின் மழைத்தண்ணீரை வடிக்கும் வாய்க்கால், கல்லைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இருநூறு மீட்டர் ஓடித்தான் ஆற்றில் விழும். எங்கள் புதுச்சேரிப் பக்கத்து அலுவலகம் மழைக்கு முன்னால் ஜேசிபி அனுப்பித் தூர்வாரும். ஆனால் கல் வரைக்கும்தான். மிச்ச இருநூறு மீட்டரை அந்தப் பக்கத்து அலுவலகம் திரும்பிக்கூடப் பார்க்காது. அடைத்துக்கொண்டால் மூழ்குவது அவர்கள் வயல் இல்லையே!

"அப்புறம் எப்படித் தண்ணி வடியுது?" என்று கேட்டேன். கலியபெருமாள் சிரித்தார்.

"மத்தியானமா டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து, ஜேசிபிய அந்தாண்ட வுட்ருவோம் டீச்சரம்மா. அந்த ஊருக்காரங்களே கூட நின்னு வழி காட்டுவாங்க. நம்ம ஏரித் தண்ணிய அவங்க வயலுக்கு ஒரு மடை தொறந்து வுடறோம்ல, அதுக்கு இது."

"ஆபீசுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரியாத மாதிரி இருப்பாங்க. இத்த எழுதிக்கினு இருக்காதம்மா."

பேர் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கட்டுரையில் பேர் போடவில்லை. வரைபடம் போட்டேன். கல், வாய்க்கால், மடை எல்லாவற்றையும் அங்குலம் பிசகாமல் குறித்தேன். படித்த முட்டாள் என்பது என்னைத்தான்.

2. கூட்டம்

இரண்டு பக்கத்து அதிகாரிகளும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். எனக்குக் கைதட்டல் ஆசை. அந்த வரைபடத்தைத் திரையில் போட்டு, அரசுகள் செய்யாததை மக்கள் எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள் என்று உருகினேன். அந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி எழுந்தார்.

"மேடம், கல்லுக்கு அந்தப் பக்கம் எங்க லேண்டு. பெர்மிஷன் இல்லாம அடுத்த ஸ்டேட் மெஷின் உள்ள வந்து வெட்டுதா?"

எங்கள் அதிகாரி அவசரமாகக் குறுக்கிட்டார். "எங்களுக்குத் தெரியாது சார். இனிமே நடக்காது."

நான் அப்போதும் விழித்துக்கொள்ளவில்லை. முறையாக ஒரு கூட்டு ஒப்பந்தம் போடலாமே என்றேன். "ஃபைல் போடுங்க" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருஷம் ஜேசிபி கல்லோடு நின்றது. "வேலை பூடும்ணே" என்று டிரைவர் இறங்கிவிட்டார். மண்வெட்டியோடு போனவர்களை அந்த ஊர்க்காரர்களே, "வாணாம்பா, கேசு ஆயிடும்" என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினார்கள். என் ஃபைல் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சந்தேகம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. மழை ஃபைலுக்காகக் காத்திருக்குமா? பால் பிடித்த சம்பா ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது.

3. வரப்பு

மன்னிப்புக் கேட்கப் போனேன். அழுகின நெல்லின் நாற்றம் ரோட்டுக்கே வந்தது. கலியபெருமாள் வரப்பில் நின்றிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"நீ எங்கள நல்லவங்கன்னுதானம்மா சொன்ன? அத்தச் சொல்லாம இருந்திருக்கலாம்."

மறு வருஷமும் ஃபைல் முடிந்து வரவில்லை. மறுபடி மூழ்கியது. அவர் நிலத்தை மனை போட்டு விற்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாகப் போய்விட்டார்.

களத்தில் ஒருவர் "எழுதாதே" என்றால் அது தகவலை மறைப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இல்லை. அவர் தன் சோற்றைக் காப்பாற்றிக்கொள்கிறார். பேனாவை மூடிவிடுங்கள். நான் மூடவில்லை. அந்தக் கட்டுரைக்குத்தான் என்னைப் பேராசிரியராக்கினார்கள்.